பின்னறையில் சாய்ந்திருந்த கிட்டார்



ஒரு கிட்டாரும் ஒரு சிறிய ஆம்ப்ளிஃபையரும் வாங்குவதற்குப் பாஸ்டருக்கு ஏன் இரண்டு மாதங்கள் தேவைப்பட்டன என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. வாலிபர் கூட்டத்திற்கென்று நீங்கள் கொடுத்த 28,000 ரூபாய் பிப்ரவரி மாதமே பொருளாளரின் கைக்கு வந்துவிட்டது. கருவிகள் வந்து சேர்ந்ததோ ஏப்ரல் கடைசியில்தான். வரவு செலவுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். பலகையில் ஒட்ட முடியாத இன்னொரு கணக்கும் உண்டு. எட்டு ஆண்டுகளாக அது என் பெயரில் நிலுவையில் நிற்கிறது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் நம் ஆராதனைக் குழுவில் கீபோர்டும் டோலக்கும் மட்டுமே இருந்தன. பதினைந்து வயது மகன் ஒருவன் என்னிடம் வந்து, மின்கிட்டார் கற்றுக்கொள்ள விரும்புவதாகக் கூச்சத்தோடு சொன்னான். அவனுடைய ஆர்வம் எனக்கு மகிழ்ச்சியளித்தது. அந்த வாரமே கடைக்குப் போனேன். கிட்டார், உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வைத்த ஆம்ப்ளிஃபையர், உறை, தோள்பட்டை என்று எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் 6,500 ரூபாய்க்குக் கிடைத்தன. பேரம் பேசி 300 ரூபாய் குறைத்தேன். சபைப் பணத்தைச் சிக்கனமாகச் செலவழித்துவிட்டோம் என்ற திருப்தியுடன் பேருந்தில் திரும்பியது இன்றும் நினைவிருக்கிறது. அந்தக் கருவியைக் கடையில் யாரும் வாசித்துப் பார்க்கவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவரை அழைத்துச் செல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

அவன் நான்கு மாதங்கள் பயின்றான். விரல் நுனிகள் தோலுரிந்து சிவந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆரம்பத்தில் எல்லாருக்கும் அப்படித்தான் என்று ஆறுதல் சொன்னேன். பாடல் தொடங்கும்போது சேர்ந்திருந்த சுருதி இரண்டாம் சரணத்திற்குள் கலைந்துவிடும். கீபோர்டு வாசிப்பவர் திரும்பிப் பார்ப்பார். அவன் தலையைக் குனிந்துகொள்வான். ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்த பின் கிட்டாரை உறையில் போட்டுப் பின்னறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனான். மறுவாரம் எடுக்கவில்லை. அதன் பின் எடுக்கவே இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அடுத்த மாத வாலிபர் கூட்டத்தில், கலப்பையில் கை வைத்தபின் திரும்பிப் பார்க்கிறவனைப் பற்றி லூக்கா 9ஆம் அதிகாரத்திலிருந்து பேசினேன். பெயர் சொல்லவில்லை. ஆனால் சபை வாங்கிக் கொடுத்த பொருளின் அருமை தெரியாமல் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் என்று ஒரு வாக்கியத்தை நடுவில் வைத்தேன். அவன் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருந்தான்.

அவன் பின்னர் படிப்பதற்காகக் கோயம்புத்தூருக்குப் போய், அங்கேயே வேலையும் தேடிக்கொண்டான். விடுமுறைக்கு வரும்போது ஆராதனைக்கு வருவான். கடைசி வரிசையில் உட்காருவான்.

இவ்வாண்டு தொடக்கத்தில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு மகள் அதே விருப்பத்தோடு வந்தாள். பக்கத்து வீட்டு அக்காவின் சாதாரணக் கிட்டாரில் ஏழெட்டுக் கார்டுகளைத் தானாகவே பழகியிருக்கிறாள். நீங்களும் தாராளமாகக் கொடுத்தீர்கள். புதிதாக எதற்கு, பின்னறையில்தான் ஒன்று இருக்கிறதே என்று முதலில் எண்ணினேன். மிச்சமாகும் பணத்தில் மேடைக்கு நல்ல மைக் வாங்கலாம் என்பது என் கணக்கு. பழைய உறையைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு, பாளையங்கோட்டையில் ஆர்மோனியம், வீணை, கிட்டார் எல்லாம் பழுது பார்க்கும் ஓர் அண்ணாச்சியிடம் போனேன்.

அவர் கிட்டாரை வாசிக்கவில்லை. துப்பாக்கியைக் குறி பார்ப்பதுபோல் அதன் கழுத்தைக் கண்ணுக்கு நேரே நீட்டிப் பார்த்தார். பிறகு ஒரு தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒருசேர அழுத்தி, நடுவில் இருந்த இடைவெளியை எனக்குக் காட்டினார். அந்த இடத்தில் ஒரு விசிட்டிங் கார்டு நுழைந்தால் கழுத்து சரியாக இருக்கிறது என்று பொருளாம். இதில் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்தது. கழுத்து வில்லாக வளைந்திருந்தது. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் இரண்டு மில்லிமீட்டர் அளவு இருக்க வேண்டிய உயரம் நான்கு மில்லிமீட்டர் இருந்தது. தலைப்பக்கத்தில் தந்திகளைத் தாங்கும் வெள்ளைத் துண்டின் பள்ளங்களை ஆழமாக அறுக்காமலே விட்டிருந்தார்கள். ஆகவே முதல் ஃபிரெட்டை அழுத்தவே பெரியவர் கைப்பலம் வேண்டும். அத்தனை பலத்தோடு அழுத்தும்போது தந்தி இழுபட்டுச் சுருதியும் ஏறிவிடும்.

இறுதியாக ஒரு சோதனை செய்தார். பன்னிரண்டாம் ஃபிரெட் தந்தியின் சரிபாதியில் இருக்கிறது. அங்கே அழுத்தி மீட்டினால், அழுத்தாத தந்தியின் சுரமே ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்க வேண்டும். அண்ணாச்சி இரண்டையும் மாற்றி மாற்றி மீட்டினார். சங்கீதம் தெரியாத என் காதுக்கும் அது சேரவில்லை என்று தெரிந்தது. அப்படியானால் எவ்வளவு நேரம் முறுக்கிச் சுருதி சேர்த்தாலும், கழுத்தின் ஒரு பகுதியில் சேர்ந்தது இன்னொரு பகுதியில் சேராது. ஆணிகளும் தளர்ந்திருந்தபடியால் சேர்த்த சுருதியும் நிற்காது.

"இதுல யாரு பாஸ்டர் படிச்சது?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"எத்தன நாளு?"

"நாலு மாசம்."

"நாலு மாசமா!" என்றார். "முப்பது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன். நானே இதுல ஒரு பாட்டு முழுசா வாசிக்க மாட்டேன். அந்தப் பையன் நல்ல பிடிவாதக்காரன் பாஸ்டர்."

நான் பிடிவாதம் இல்லாதவன் என்று கூட்டத்தில் சுட்டிக்காட்டியது அந்தப் பையனைத்தான். அண்ணாச்சியின் கடையில் ஒரு முக்காலி இருந்தது. அதில் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டேன். 1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தில் சவுல் தன் வெண்கலத் தலைச்சீராவையும் கவசத்தையும் சிறுவன் தாவீதுக்கு உடுத்திவிடுகிறான். தாவீது நடந்து பார்த்து, தனக்குப் பழக்கமில்லை என்று அவற்றைக் களைந்துபோடுகிறான். இந்தப் பகுதியிலிருந்து எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். எப்போதும் தாவீதின் பக்கம் நின்றுதான் பேசியிருக்கிறேன். சவுல் செய்ததும் நல்ல எண்ணத்தில்தான் என்பது அந்த முக்காலியில்தான் உறைத்தது. சவுலாவது, கழற்றிப் போட்டதற்காக அவனைக் கடிந்துகொண்டதாக அந்த அதிகாரத்தில் இல்லை.

புதிய கருவிக்கு இரண்டு மாதங்கள் ஆனதன் காரணம் இப்போது உங்களுக்கு விளங்கும். எனக்குத் தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கற்றுக்கொள்ள அவ்வளவு நாள் பிடித்தது. கற்றவற்றில் சிலவற்றை, பிள்ளைகளுக்குக் கிட்டார் வாங்கக் காத்திருக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன்.

முதலில் என் தவறான கருத்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கிட்டாரில் கை தேறிய பிறகுதான் மின்கிட்டாரைத் தொட வேண்டும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் மின்கிட்டாரின் தந்திகள் மெல்லியவை; இளம் விரல்களுக்கு அழுத்த எளியவை. மரப்பெட்டியை அதிரவைக்க வேண்டிய வேலை அந்தத் தந்திகளுக்கு இல்லை. தந்திகளுக்குக் கீழே பிக்கப் என்ற காந்தமும் அதைச் சுற்றிய செம்புக் கம்பிச் சுருளும் இருக்கின்றன. எஃகுத் தந்தி அதிரும்போது அச்சுருளில் சிறு மின்னோட்டம் எழுகிறது. ஆம்ப்ளிஃபையர் அதைப் பெரிதாக்குகிறது, அவ்வளவே. இக்கருவியை ஊர்தோறும் பரப்பியவர்களில் ஒருவரான லியோ ஃபெண்டர் ரேடியோ பழுது பார்த்துக்கொண்டிருந்தவர். 1954இல் அவர் வெளியிட்ட ஸ்ட்ராடோகாஸ்டர் வடிவத்தைத்தான் இன்று மலிவுக் கிட்டார்களில் பெரும்பாலானவை பின்பற்றுகின்றன. அவருக்கே கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பதைப் படித்தபோது எனக்குச் சற்று ஆறுதலாக இருந்தது. ஆனால் அவர் தம் கருவிகளை வாசிக்கத் தெரிந்தவர்களிடம் கொடுத்து, அவர்கள் சொன்ன குறைகளைக் கேட்டுத் திருத்தினார். நான் அதைச் செய்யவில்லை.

நம் சபைகளுக்குப் பழக்கமான ஆர்கனோடு தொடர்புடைய வரலாறு ஒன்றும் உண்டு. ஜப்பானில் ஹமாமட்சு என்ற ஊரில் 1887ஆம் ஆண்டு ஒரு தொடக்கப் பள்ளியின் ரீட் ஆர்கன் பழுதானது. அதைச் சரிசெய்யும்படி தொராகுசு யமஹா என்பவரை அழைத்தார்கள். சரிசெய்தவர், தாமே ஒன்றைச் செய்து பார்க்கலாம் என்று துணிந்தார். செய்து முடித்த ஆர்கனைத் தோளில் சுமந்து, ஹகோனே மலையைக் கடந்து, டோக்கியோவின் இசைக் கல்வி நிலையத்திற்குக் கொண்டுபோனார். வடிவம் நன்று, சுருதி சரியில்லை என்றார்கள். அவர் அங்கேயே தங்கிச் சுருதி பற்றிய பாடங்களைக் கற்று, ஊருக்குத் திரும்பி மறுபடியும் செய்தார். அந்த நிறுவனத்தின் மின்கிட்டார் ஒன்றைத்தான் நாம் வாங்கியிருக்கிறோம். ஆனால் இந்தக் கதைக்காக வாங்கவில்லை.

அண்ணாச்சி எனக்கு இட்ட கட்டளை ஒன்றே. "வாசிக்கப் போற பிள்ளைய கூட்டிட்டு வாங்க. கடையில அது மடியில வச்சுப் பாக்கணும். நீங்க தூரமா நில்லுங்க." எனவே ஒரு சனிக்கிழமை அந்த மகளும் அவளுடைய தாயாரும் அண்ணாச்சியும் நானும் பேருந்தில் மதுரைக்குப் போனோம். (பயணச் செலவு சபைக் கணக்கில் இல்லை.)

கடையில் முதலில் எங்கள் கண்ணை இழுத்தது கூரிய கொம்புகளுடன் கறுப்பாய்ப் பளபளத்த ஒரு கிட்டார். அதன் அடிப்பாலத்தில் தந்திகளைப் பூட்டி வைக்கும் பொறி இருந்தது. ஒரு தந்தியை மாற்றினாலே எல்லாத் தந்திகளின் சுருதியும் அசையும். கற்கத் தொடங்குகிற பிள்ளைக்கு அது தலைவேதனை என்று அண்ணாச்சி ஒதுக்கிவிட்டார். எங்கள் தொகைக்குள் ஃபெண்டரின் மலிவு வரிசையான ஸ்குயர் கிட்டார்களும், யமஹாவின் பசிஃபிகா வரிசையில் 012 என்ற மாடலும் இருந்தன. இரண்டும் தொடக்கநிலை மாணவர்களுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறவை.

இங்கேதான் நான் அறியாத ஒன்றைக் கண்டேன். ஒரே மாடலில், ஒரே விலையில் இரண்டு கிட்டார்களை எடுத்து வைத்தார்கள். ஒன்றில் கழுத்தின் ஓரமாகக் கையை ஓட்டினால் ஃபிரெட் முனைகள் அரம்போல் உரசின. மற்றொன்று வழவழப்பாக இருந்தது. மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரியும். உலோகம் அப்படியே இருக்கும். அதனால் முனைகள் வெளியே நீட்டிக்கொள்ளும் என்றார் அண்ணாச்சி. பெயர்ப்பலகை ஒன்றானாலும் ஒவ்வொரு கருவியையும் தனித்தனியே கையில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று நான் அங்கே கற்றேன். என் பழைய அட்டைப்பெட்டியைக் கடையில் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

மகள் நான்கு கிட்டார்களை மடியில் வைத்துப் பார்த்தாள். முதல் மூன்றிலும் என் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாசித்தாள். அண்ணாச்சி என்னை வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரச் சொன்னார். திரும்பி வந்தபோது பசிஃபிகா ஒன்றைப் பிடித்தபடி கண்ணை மூடி மீட்டிக்கொண்டிருந்தாள். அதையே எடுத்தோம். 18,500 ரூபாய். அதன் பின்புற பிக்கப் இரட்டைச் சுருள் கொண்டது. ஒற்றைச் சுருள் பிக்கப்கள் மின்சாரத்தின் ஐம்பது சுழற்சி இரைச்சலையும் சேர்த்துப் பிடித்துவிடும். இரண்டு சுருள்களை எதிரெதிராகச் சுற்றி இணைத்தால் இரைச்சல் ஒன்றையொன்று அடித்துவிடும். நம் ஆலயத்தின் பழைய குழல்விளக்குகளுக்கும் மின்விசிறி ரெகுலேட்டர்களுக்கும் நடுவே அது மிகவும் தேவை.

விற்பனையாளர் நூறு வாட் ஆம்ப்ளிஃபையரைக் காட்டி, ஆலயத்துக்கு இதுதான் பொருத்தம் என்றார். பத்து வாட்டைவிட நூறு வாட் பத்து மடங்கு சத்தம் தராது. நம் செவிக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகவே தோன்றும். மேடையில் தேவையானால் சிறிய ஆம்ப்ளிஃபையரின் முன் மைக் வைத்து நம் மிக்ஸருக்குக் கொடுத்துவிடலாம். ஆம்ப்ளிஃபையர் விஷயத்தில் என் மனத்தில் இருந்தது ஆலயம் அல்ல. அந்த மகளின் வீடு.

மார்ச் மாதத்தில் ஒருநாள் முற்பகல் பதினொரு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். கதவைத் திறந்தவள் உதட்டில் விரலை வைத்து, "அப்பா தூங்குறாங்க, பாஸ்டர்" என்றாள். அவர் இரவுக் காவலாளி. காலை ஏழு மணிக்கு வந்து படுப்பவர் பிற்பகலில்தான் எழுவார். வீடு ஒரே அறை. பக்கத்து வீட்டுக்கும் அதற்கும் நடுச்சுவர் ஒன்றே. நானும் அவளும் அவளுடைய தாயாரும் தெருவில் நின்றே ஜெபித்தோம். விடுமுறை நாட்களில் அவள் எங்கே, எப்போது பழகுவாள்? ஆகவே ஹெட்போன் மாட்டும் துளை உள்ள ஆம்ப்ளிஃபையர் வேண்டும் என்று அந்தத் தெருவிலேயே முடிவு செய்துவிட்டேன். மின்கிட்டாரின் வெறும் தந்தியோசை சன்னமானது. பக்கத்துப் பாயில் உறங்குகிறவரை அது எழுப்பாது. பத்து வாட், ஆறு அங்குல ஸ்பீக்கர், ஹெட்போன் வசதியுடன் 7,500 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. மூன்று முனை பிளக் உள்ளதா என்று பார்த்தோம். அவர்கள் வீட்டு எர்த் இணைப்பை நம் சபையின் எலக்ட்ரீசியன் சகோதரர் பணம் வாங்காமல் சரிசெய்து கொடுத்தார். வாசிப்பவரின் விரல்கள் எப்போதும் உலோகத்தின் மேல் இருப்பதால் இதில் அலட்சியம் கூடாது.

இணைப்பு வயர் 600, தலையில் கவ்விச் சுருதி காட்டும் டியூனர் 400, தந்தி உயரம் முதலியவற்றைச் சீர்செய்ய அண்ணாச்சிக்கு 800. கூட்டினால் 27,800. மீதி 200 ரூபாய் பொருளாளரிடம் திரும்பிவிட்டது. புதுக் கருவிக்கே எதற்கு 800 ரூபாய் என்று மூப்பர் ஒருவர் கேட்டார். பாளையங்கோட்டை முக்காலியைப் பற்றி அவரிடம் சொன்னேன்.

பழைய கிட்டாரையும் அண்ணாச்சியிடமே விட்டிருந்தேன். கழுத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பியைத் திருகி வளைவை எடுத்தார், வெள்ளைத் துண்டை அரத்தால் அறுத்துத் தணித்தார், ஆணிகளை மாற்றினார், பாலத்தின் தாங்கிகளை நகர்த்தினார், புதுத் தந்திகள் போட்டார். என் சொந்தப் பணத்தில் 1,900 ரூபாய் ஆனது. எட்டு ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் செலவைச் செய்திருக்கலாம். மேன்மையான கருவி என்று சொல்ல முடியாது. ஆயினும் வாசிக்கலாம்.

அன்று இரவு கோயம்புத்தூருக்குத் தொலைபேசியில் அழைத்தேன். நலம் விசாரித்த பின், அண்ணாச்சி கண்டதையெல்லாம் சொன்னேன். கலப்பையைப் பற்றிப் பேசிய கூட்டத்தை நினைவூட்டி, "தம்பி, நான் உன்னைத் தப்பாப் பேசிட்டேன். என்னை மன்னிக்கணும்" என்றேன்.

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு, "பன்னண்டாவது ஃபிரெட்ல இப்போ சேருதா, பாஸ்டர்?" என்று கேட்டான்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உனக்கு அது அப்பவே தெரியுமா?"

"ரெண்டாவது மாசமே கண்டுபிடிச்சிட்டேன். கீபோர்டு பக்கத்துல வச்சுப் பாத்தேன். அம்மாகிட்ட சொன்னேன். சபையில காசு போட்டு வாங்கிக் கொடுத்தத நொட்டை சொல்லக் கூடாது, பாஸ்டர் மனசு சங்கடப்படும்னு சொல்லிட்டாங்க."

அவனுடைய தாயார் இவ்வளவு காலமும் ஞாயிறுதோறும் என் கையைப் பிடித்து வாழ்த்திவிட்டுத்தான் போகிறார்கள். ஒரு சொல்கூடச் சொன்னதில்லை. இதைச் சபையில் சொல்லலாமா என்று அவனிடம் கேட்டேன். சொல்லுங்கள், பெயர் மட்டும் வேண்டாம் என்றான். ஆகையால்தான் பெயரில்லாமல் எழுதியிருக்கிறேன். யாரென்று ஊகிக்கிறவர்கள் உங்களோடேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மகள் மாலை வேளைகளில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பழகுகிறாள். வெளியே ஒன்றும் கேட்பதில்லை என்றும், எதையோ சுரண்டுவதுபோல் மட்டும் இருக்கிறது என்றும் அவளுடைய தகப்பனார் சிரித்தார். ஒரு நாள் ஹெட்போனைத் தமக்கு மாட்டிவிடச் சொல்லி, இரவுப் பணிக்குக் கிளம்பு முன் கேட்டாராம்.

பழைய கிட்டார் மீண்டும் பின்னறையில் இருக்கிறது. சனிக்கிழமை மாலைதோறும் உறையிலிருந்து எடுத்து டியூனரைக் கவ்வவிட்டு, ஆறு தந்திகளையும் சரிபார்க்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு இறங்கித்தான் இருக்கின்றன. கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் விடுப்பு கிடைத்திருக்கிறது, வருகிறேன் என்று தம்பி சொன்னான். வாசிப்பாயா என்று நான் கேட்கவில்லை. அவனும் ஒன்றும் சொல்லவில்லை.